அணுக்கடிகாரத்துக்குள் எரியும் சின்ன விளக்கு

(நமது க்ளப் ஹவுஸில் நடைபெறும் ஞாயிறு மாலைச் சந்திப்பில், பி ப்ளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி – பதில் பகுதி சுருக்கித் தரப்பட்டுள்ளது.)



போன தடவை டாக்டரம்மா சர்க்கரை நோயைப் பற்றிப் பேசியபோது இந்த ஹாலில் உட்கார இடமில்லை. இன்று தலைப்பு அணுக்கடிகாரம். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்ததும், யார் வரப்போகிறார்கள் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், நன்றி. சமோசா உண்டு என்று செயலாளர் சேர்த்து எழுதியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓய்வு பெறும் வரை நான் ஒரு காலிபரேஷன் லேபில் வேலை பார்த்தேன். பல நிறுவனங்கள் தங்கள் மீட்டர்களை எங்களிடம் அனுப்புவார்கள். அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். மளிகைக் கடைப் படிக்கல்லுக்கு முத்திரை குத்துகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி வேலைதான். அலைவெண் அளக்கும் கருவிகளுக்கு எங்களிடம் இருந்த படிக்கல் ஒரு ருபீடியம் அணுக்கடிகாரம். பெயரைக் கேட்டுப் பெரிய இயந்திரம் என்று நினைக்காதீர்கள். ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதற்குள் விரல் நுனியளவு கண்ணாடிக் குமிழ் ஒன்று இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும். அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது, எப்படி வயதாகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அது மங்கியதை நான் கவனிக்காமல் விட்ட கதையும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நமக்குப் பழக்கமான விளக்கிலிருந்து தொடங்குவோம். நம் காரிடார்களில் எல்.இ.டி. வருவதற்கு முன்பு இருந்த ட்யூப் லைட்டை நினைத்துப் பாருங்கள். பழசாக ஆக இரண்டு முனையும் கறுத்துப்போகும். பிறகு மினுக்கும். ஒருநாள் எரியாது. ஏன் கறுக்கிறது? ட்யூப்பின் இரு முனையிலும் டங்ஸ்டன் கம்பிச் சுருள் இருக்கிறது. அதன்மேல் பேரியம் முதலிய உலோகங்களின் ஆக்சைடுப் பூச்சு இருக்கிறது. எலக்ட்ரான்களை எளிதாக வெளியே விடுவது அந்தப் பூச்சுதான். ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போடும்போதும் பூச்சு கொஞ்சம் தெறித்துப் பக்கத்துக் கண்ணாடியில் படியும். பூச்சு தீர்ந்ததும் ட்யூப்பின் ஆயுளும் தீர்ந்தது.

இன்னொன்று, மெயின் ரோட்டில் முன்பு எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கு. வயதானபின் அது எரியும், தானாக அணையும், சில நிமிடம் கழித்துத் தானாக எரியும். ஈ.பி.யில் புகார் கொடுத்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அந்த விளக்கின் உள்குழாயில் சோடியம் குறையக் குறைய, எரிவதற்கு வேண்டிய மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சோக்கால் தாக்குப்பிடிக்க முடியாது, விளக்கு அணைந்துவிடும். ஆறியதும் மறுபடி எரியத் தொடங்கும்.

இவை எல்லாமே வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து ஒளி தரும் மின்னிறக்க விளக்குகள். அணுக்கடிகாரத்தில் இருப்பதும் இதே குடும்பம்தான், ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். நம் கைக்கடிகாரத்தில் துடிப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். நல்ல சாமான்தான். ஆனால் வெயில் பட்டால் மாறும், வயதானாலும் மாறும். அணு அப்படியில்லை. ஒரு ருபீடியம்-87 அணு அமெரிக்காவில் இருந்தாலும் ஆவடியில் இருந்தாலும் ஒன்றுதான். அதற்கு வயதும் தெரியாது. அந்த அணுவுக்கு இரண்டு அடிநிலைகள் உண்டு. அவற்றுக்கு இடையே தாவ வைக்க வேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 683 கோடியே 46 லட்சத்து 82 ஆயிரத்து 611 தடவை துடிக்கும் மைக்ரோவேவ் அலை வேண்டும். அதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் அணு அசையாது. நொடி என்பதற்கே 1967 முதல் இப்படித்தான் இலக்கணம். ஆனால் அதற்கு எடுத்துக்கொண்டது சீசியம் அணு. அதன் கணக்கு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 துடிப்பு. ருபீடியம் கடிகாரம் அதைவிடத் துல்லியம் குறைந்தது. ஆனால் சிறியது, விலை மலிவு, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். அதனால்தான் செயற்கைக்கோளிலும் தொலைத்தொடர்புக் கருவிகளிலும் அது இடம்பிடித்தது.

சரி, அணு தாவியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் விளக்கு. இதை நம் அபார்ட்மெண்டை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கட்டடத்தில் தரைத்தளம், முதல் தளம் என்று இரண்டு தளங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். மேலே மொட்டை மாடி. லிப்ட் ஒன்று இருக்கிறது, ஆனால் அது தரைத்தளத்தில் மட்டும் நின்று ஆளை ஏற்றும். ஏற்றி மொட்டை மாடியில் விட்டுவிடும். அங்கிருந்து இறங்கி வருகிறவர்கள் சிலர் முதல் தளத்தில் தங்குவார்கள், சிலர் தரைத்தளம் வரை வருவார்கள். தரைத்தளத்துக்கு வந்தவரை லிப்ட் மறுபடி ஏற்றிக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகும்? எல்லோரும் முதல் தளத்தில் சேர்ந்துவிடுவார்கள், லிப்டுக்கு வேலை இருக்காது.

அந்த லிப்ட்தான் விளக்கின் ஒளி. வேலை இருந்தால் ஒளி அணுக்களால் உறிஞ்சப்படும். வேலை இல்லையென்றால் ஒளி தடையில்லாமல் அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கத்தில் ஓர் ஒளியுணர்வி உட்கார்ந்து வெளிச்சத்தை அளந்துகொண்டிருக்கிறது. இப்போது சரியான அலைவெண்ணில் மைக்ரோவேவ் அலையைக் கொடுத்தால், முதல் தளத்திலிருந்து தரைத்தளத்துக்குப் படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஆட்கள் கீழே இறங்குவார்கள், லிப்டுக்கு மறுபடி வேலை வரும், ஒளி உறிஞ்சப்படும், உணர்வியில் வெளிச்சம் ஒரு துளி குறையும். அந்தக் குறைவு எந்த அலைவெண்ணில் அதிகபட்சமாக இருக்கிறதோ, அதில் குவார்ட்ஸ் படிகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இதைத்தான் ‘லாக்’ ஆகிவிட்டது என்போம். அணுக்கடிகாரத்தின் மொத்த ரகசியம் இவ்வளவுதான். குவார்ட்ஸ் துடிக்கிறது, அணு அதற்கு வாத்தியாராக இருந்து திருத்துகிறது.

லிப்ட் தரைத்தளத்தில் மட்டும் எப்படி நிற்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். இயற்கை செய்து வைத்த உதவி அது. ருபீடியத்தில் 85, 87 என்று இரண்டு வகை அணுக்கள் கிடைக்கின்றன. இயற்கையில் ஏறக்குறைய 72 சதவீதம் 85, மீதி 87. விளக்கில் 87-ஐ எரித்து, அதன் ஒளியை 85 நிரப்பிய குப்பி வழியாக அனுப்பினால், முதல் தளத்து ஆட்களை ஏற்றக்கூடிய ஒளியை மட்டும் அந்த 85 பெருமளவு விழுங்கிவிடுகிறது. இரண்டின் நிறமாலைக் கோடுகளும் அந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இந்தப் பொருத்தம் இருப்பதால்தான், லேசர் எல்லாம் கைக்கு வருவதற்கு முன்பே வெறும் விளக்கை வைத்து அணுக்கடிகாரம் செய்ய முடிந்தது.

இனி விளக்கைப் பார்ப்போம். ருபீடியத்தை 1861-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் புன்சனும் கிர்க்காஃபும் கண்டுபிடித்தார்கள். நிறமாலையில் தெரிந்த அடர்சிவப்புக் கோடுகளை வைத்து, லத்தீனில் சிவப்பைக் குறிக்கும் சொல்லால் பெயர் வைத்தார்கள். பார்க்க வெள்ளி போலப் பளபளக்கும் மெழுகு மாதிரியான உலோகம். உருகுநிலை 39.3 டிகிரி. வேலூர் வெயிலில் வெளியே வைத்தால் உருகிவிடும். உண்மையில் உருகும்வரை காத்திருக்காது, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். அதனால் எப்போதும் மூடிய கண்ணாடிக்குள்தான் வைத்திருப்பார்கள்.

விளக்குக் குமிழுக்குள் மைக்ரோகிராம் கணக்கில் கொஞ்சம் ருபீடியம் போட்டிருப்பார்கள். 100 மைக்ரோகிராம் என்றால் தூள் உப்பில் ஒன்றிரண்டு துகள். கூடவே, பற்றவைக்க உதவியாகக் கொஞ்சம் செனான் அல்லது கிரிப்டான் வாயு. உள்ளே கம்பி கிடையாது. குமிழைச் சுற்றிச் செம்புச் சுருள் இருக்கும். அதில் ரேடியோ அலைவெண்ணில் மின்சாரம் பாயும்போது உள்ளே வாயு பற்றிக்கொள்ளும். குமிழை 100 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருப்பார்கள். ருபீடியம் ஆவியாகி, தனக்கே உரிய 780, 795 நானோமீட்டர் ஒளியைக் கொடுக்கும்.

உள்ளே கம்பி இல்லை, பூச்சு இல்லை. ஆகவே ட்யூப் லைட் மாதிரி முனை கறுக்கிற பிரச்சினையே இல்லை. அப்படியானால் காலத்துக்கும் எரியுமா? முதலில் செய்தவர்களுக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். ஆனால் மூன்று வழியில் வயதாகிறது.

முதலாவது, கண்ணாடி குடிக்கிறது. ருபீடியம் காரவகை உலோகம், யாரோடும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் குணம். சூடான கண்ணாடிச் சுவரில் அணுக்கள் இடைவிடாமல் மோதும்போது, சில அணுக்கள் கண்ணாடிக்குள்ளேயே புகுந்து கலந்துவிடுகின்றன. புகுந்தவை திரும்புவதில்லை. புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினால் முதல் நாள் நிறையக் குடிக்கும், பிறகு குறையும். அந்த மாதிரிதான் இங்கேயும். முதலில் வேகமாகப் போகும், போகப் போக மெதுவாகும். கணக்குப் போட்டால், போன அளவு ஏறக்குறையக் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. ஓர் உதாரணத்துக்கு, முதல் ஆண்டில் 10 மைக்ரோகிராம் போனால், நாலாம் ஆண்டு முடிவில் மொத்தம் 20 போயிருக்கும். ஒன்பதாம் ஆண்டு முடிவில் 30. எந்தக் கண்ணாடி, எவ்வளவு சூடு, எவ்வளவு மின்திறன் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு பெரிதும் மாறும். காரத்தைத் தாங்கும் கண்ணாடி வகைகளைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். ருபீடியம் தீர்ந்துபோனாலும் விளக்கு அணையாமல் இருக்கலாம். செனானோ கிரிப்டானோ எரிந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த ஒளியால் அணுவை ஏற்ற முடியாது. பார்வைக்கு எரியும் விளக்கு, வேலைக்கு அணைந்த விளக்கு.

அப்படியானால் நிறையப் போட்டுவிடலாமே? அங்கேதான் இரண்டாவது சிக்கல். ருபீடியம் ஆவியாகி, குமிழில் எங்கே சூடு குறைவோ அங்கே போய்ப் படியும். குக்கர் மூடியின் உள்பக்கம் நீர்த்துளி கட்டுவது போல. ஒளி வெளியே வருகிற முகத்தில் படிந்துவிட்டால் கண்ணாடி போலப் பளபளத்து ஒளியை மறைத்துவிடும். அளவுக்கு மீறி இருந்தால் துளிகள் இடம் மாறும்போது வெளிச்சம் திடீரென்று குதிக்கும், இறங்கும். குறைவாகப் போட்டால் ஆயுள் குறையும், அதிகமாகப் போட்டால் நிம்மதி குறையும். பாயசத்துக்குச் சர்க்கரை போடுகிற கதைதான்.

மூன்றாவது சிக்கல்தான் நுட்பமானது. விளக்கின் ஒளி அணுவை ஏற்றுவதோடு நிற்பதில்லை, அணுவின் துடிப்பையே மிகமிகச் சிறிய அளவில் நகர்த்தியும் விடுகிறது. இதற்கு ஒளிப்பெயர்ச்சி என்று பெயர். வெளிச்சம் ஒரே அளவாக இருந்தால் அந்த நகர்வும் ஒரே அளவாக இருக்கும், அதைக் கணக்கில் எடுத்துவிடலாம். ஆனால் விளக்கு மங்க மங்க நகர்வும் மாறும். அணுவுக்கு வயதில்லை என்றேன், ஆனால் அதைக் கேள்வி கேட்கிற விளக்குக்கு வயதாகிறது. அதனால் பதிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் ருபீடியம் கடிகாரங்களில் அவ்வப்போது தென்படும் சிறு தாவல்களில் சிலவற்றை, அதே நேரத்தில் விளக்கின் ஒளியில் ஏற்பட்ட தாவலோடு ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

‘மிகமிகச் சிறிய’ என்றால் நமக்கென்ன என்று தோன்றலாம். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். ஒரு கடிகாரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு தப்பாக ஓடினால், ஒரு நாளில் 86 நானோ நொடி பிசகும். அதைத் திருத்தாமல் விட்டால் தூரக் கணக்கில் சுமார் 26 மீட்டர். டெலிவரிப் பையன் நம் கேட்டுக்குப் பதிலாகப் பக்கத்து அபார்ட்மெண்ட் கேட்டில் நிற்பான். அதனால்தான் தரைநிலையங்கள் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களை ஓயாமல் கண்காணித்துத் திருத்தங்கள் அனுப்புகின்றன.

இந்த விளக்கின் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றவர்கள் ஜி.பி.எஸ். காரர்கள். முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. அந்த முதல் தலைமுறைக் கோள்களில் ருபீடியம் கடிகாரங்கள் இருந்தன. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பல கடிகாரங்கள் வரிசையாக நின்றன. ஆராய்ந்தபோது முக்கியக் குற்றவாளியாகத் தெரிந்தது விளக்கில் ருபீடியம் தீர்ந்துபோனதுதான். 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கை மாற்ற எலக்ட்ரீஷியனை அனுப்ப முடியாது.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மூடிய குமிழுக்குள் எவ்வளவு ருபீடியம் மிச்சம் இருக்கிறது என்று உடைக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? எடை போட்டால் கண்ணாடியின் எடையில் அது மறைந்துபோகும். அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் ஆய்வாளர்கள் பயன்படுத்திய வழி அழகானது. ருபீடியம் 39.3 டிகிரியில் உருகும் என்று சொன்னேன். குமிழை மெல்ல மெல்லச் சூடாக்கிக்கொண்டே போனால், அந்த வெப்பநிலை வரும்போது உருகுவதற்காகக் கொஞ்சம் வெப்பத்தை ருபீடியம் தனியாக எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று அளந்தால் எவ்வளவு ருபீடியம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 100 மைக்ரோகிராம் உருக வெறும் இரண்டரை மில்லிஜூல்தான் வேண்டும். அதையும் அளக்கக் கருவி இருந்தது. பல விளக்குகளைத் தொடர்ந்து எரியவிட்டு, அவ்வப்போது எடுத்து இப்படி அளந்து, எந்த வேகத்தில் கண்ணாடி குடிக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். அதை வைத்து, இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு போட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. 1997 முதல் பறக்கத் தொடங்கிய அடுத்த தலைமுறைக் கோள்களில் ஒவ்வொன்றிலும் மூன்று ருபீடியம் கடிகாரங்கள். திட்டமிட்ட ஆயுள் ஏழரை ஆண்டு. அவற்றில் சில கோள்கள் 20 ஆண்டுகளைத் தாண்டியும் உழைத்தன.

நம் நாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். நம்முடைய சொந்த வழிகாட்டுத் தொகுதி நாவிக். அதன் முதல் கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. அதிலிருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும், வெளிநாட்டிலிருந்து வாங்கியவை, மூன்றாண்டு சுமாரில் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. கோள் ஆரோக்கியமாகத்தான் இருந்தது, மணி மட்டும் தெரியவில்லை. மணி தெரியாத வழிகாட்டிக் கோளால் இடம் சொல்ல முடியாது. இதை விளக்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது, மின்சுற்று முதற்கொண்டு கடிகாரம் நிற்க வழிகள் பல. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2018 ஏப்ரலில் அடுத்ததை அனுப்பினார்கள். பிறகு 2023 மே 29-ல் ஏவிய என்.வி.எஸ்.-01 கோளில், ஆமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய நம் சொந்த ருபீடியம் கடிகாரம் முதன்முறையாகப் பறந்தது. செய்தித்தாளில் அதற்குச் சின்ன இடம்தான் கிடைத்தது. எனக்கு அன்று தீபாவளி.

இப்போது என் கதை.

எங்கள் லேபில் இருந்த கருவியின் பின்புறம் ஒரு முனை உண்டு. அதில் மல்டிமீட்டரை வைத்தால் விளக்கின் வெளிச்சத்துக்கு ஏற்ப வோல்ட் காட்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வாங்கிய புதிதில் ஏழு வோல்டுக்கு மேல் இருந்தது. நானும் ஒழுங்காக எழுதினேன். 7.3, 7.3, 7.2, 7.2. ஒரு வருடம் போனது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஒரு திங்கட்கிழமை வேலை நெருக்கடி. மீட்டரை வைத்துப் பார்த்தேன், எண்ணுக்குப் பதிலாக ‘சரி’ என்று எழுதினேன். அடுத்த வாரமும் ‘சரி’. எனக்குக் கீழே இருந்த பையன் அதைப் பார்த்தே வேலை கற்றுக்கொண்டான். அவன் மீட்டரை வைத்துப் பார்த்தானா என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். பதினான்கு மாதம் அந்த ரிஜிஸ்டரில் ‘சரி’, ‘சரி’ என்றே இருந்தது.

ஒரு மே மாதம் வருடாந்திர மின்பராமரிப்புக்காக இரண்டு நாள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். மறுபடி போட்டபோது கடிகாரம் சில நேரம் லாக் ஆனது, சில நேரம் விட்டது. லாக் ஆனதைக் காட்டும் விளக்கு ரேக்கின் பின்பக்கம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. இங்கே முக்கியமான விஷயம் என்னவென்றால், அணு கைவிட்டாலும் குவார்ட்ஸ் துடிப்பதை நிறுத்தாது. பத்து மெகாஹெர்ட்ஸ் வந்துகொண்டே இருக்கும். வாத்தியார் வகுப்பில் இல்லை, ஆனால் பிள்ளைகள் சத்தமாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே இருந்து கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிப் பதினோரு நாள், அந்தப் படிக்கல்லை நம்பி நாங்கள் சான்றிதழ் கொடுத்தோம். வேறொரு வேலைக்காக ஜி.பி.எஸ். சிக்னலோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. இருபத்து மூன்று சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றோம். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, நாங்கள் கொடுத்த சான்று செல்லாது, கருவியைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னது நான்தான். அந்தக் கருவிகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தவர்களின் வேலை நின்றது.

என் மேலதிகாரி கத்தவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “போன வருஷம் இதே நாளில் எத்தனை வோல்ட் இருந்தது?” என்னிடம் பதில் இல்லை. ‘சரி’ என்ற சொல் ஏழு வோல்டா, நாலு வோல்டா என்று சொல்லாது.

கருவியைத் திறந்து பார்த்தோம். குமிழின் முகத்தில் ருபீடியம் வெள்ளிப் படலமாகப் படிந்திருந்தது. இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. குமிழைக் கழற்றி, படலம் உள்ள பக்கத்தைச் சுடுகாற்றுத் துப்பாக்கியால் நிதானமாகச் சூடாக்கினால், ருபீடியம் அங்கிருந்து விலகி ஆறின பக்கம் போய்ச் சேரும். செய்தோம். வோல்ட் ஐந்துக்கு மேல் ஏறியது, லாக் ஆனது. அது தற்காலிகம் என்று தெரியும். கண்ணாடி குடித்ததைச் சூடு திருப்பித் தராது, இடம் மாறிப் படிந்ததை மட்டுமே அகற்றும். புது விளக்கு வரும்வரை அதை வைத்து ஓட்டினோம், ஒவ்வொரு நாளும் எண்ணை எழுதிக்கொண்டு.

இந்த விளக்கு சொல்லாமல் போகவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. மாதக்கணக்கில் வோல்ட்டாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டு எழுதத்தான் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. போன வாரம் ஜெனரேட்டர் அறையில் தொங்கும் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். ‘பேட்டரி: ஓ.கே.’, பன்னிரண்டு வாரமாக ஒரே கையெழுத்து, ஒரே பேனா. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, அதே தப்பைச் செய்தவன்தான் இங்கே நிற்கிறேன். ஜெனரேட்டர் பேட்டரிக்கு வோல்ட் எழுதட்டும். தீயணைப்பு பம்புக்கு அழுத்தம் எழுதட்டும். போர்வெல்லுக்கு, டேங்க் நிறைய எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதட்டும். ஒரு நாளின் எண் எதையும் சொல்லாது. ஐம்பது எண்களை வரிசையாகப் பார்த்தால், எது மெல்ல இறங்குகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கித் தருவது என் பொறுப்பு, கற்றுத் தருவதும் என் பொறுப்பு.

 சமோசா ஆறிவிடும், கேள்விகளைச் சீக்கிரம் கேளுங்கள்.

கேள்வி – பதில்

நம் போனுக்குள் அணுக்கடிகாரம் இருக்கிறதா, அங்கிள்?

இல்லைம்மா. போனில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ். நாலு செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, தன் இடத்தையும் தன் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளும். மேலே இருக்கும் அணுக்கடிகாரங்களிடம் மணி கேட்டுத்தான் உன் போன் பிழைக்கிறது.

விளக்குக்குப் பதிலாக லேசர் வைத்தால் இந்தத் தொல்லை இருக்காதே?

வைக்கிறார்கள் சார். ஏறக்குறையத் தீப்பெட்டி அளவே உள்ள, லேசர் வைத்த அணுக்கடிகாரம் 2011 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் லேசருக்கும் வயதாகும், அதன் அலைநீளம் மெல்ல நகரும். விளக்கு எப்படிச் சாகும் என்று நமக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவம் இருக்கிறது. பழகின நோய்க்கு மருந்து தெரியும் என்பது மாதிரி.

காரிடார் எல்.இ.டி.யும் இப்படி மங்குமா?

மங்கும் மாமி. அதில் வாயு இல்லை, ஆனால் சூட்டால் சில்லும் அதன்மேல் உள்ள பூச்சும் தேயும். பெரும்பாலும் அதற்கு முன்பே உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் போய்விடும். மாட்டிய தேதியை மார்க்கரில் விளக்கின் பின்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை கடைக்காரரிடம் வாரண்டி கேட்க அந்த ஓர் எண் போதும்.